ஸ்விட்சுக்கும் பூட்டு வேண்டும்
புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஆலைகளுக்கு நெட்வொர்க் அமைப்பது என் வேலை. ஸ்விட்ச் என்றால் விளக்கு ஸ்விட்ச் அல்ல. இயந்திரங்களைக் கேபிளால் இணைக்கும் பெட்டி. அது சரியாக இயங்குகிறதா என்று தொலைவிலிருந்தே பார்க்க எஸ்.என்.எம்.பி. உதவுகிறது. இதன் பழைய பதிப்புகளில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமலே செல்லும். பல சாதனங்களில் அது ‘பப்ளிக்’ என்றே இருக்கும். மாற்றும் உரிமையுள்ள பாஸ்வேர்ட் அந்நியர் கையில் சிக்கினால் இணைப்பைத் துண்டித்து உற்பத்தியையே நிறுத்திவிடலாம்.

எனவே 2002-ல் முழுத் தரநிலையான 3-ஆம் பதிப்பையே அமைக்கிறேன். பயனர் பெயர் கொடுத்து, ஆளைச் சரிபார்க்க எஸ்.எச்.ஏ., தகவலை மறைக்க ஏ.இ.எஸ். தேர்ந்தெடுத்து, இரண்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் தருகிறேன். படிக்கும் உரிமை மட்டும் போதும். சோதித்த பின் பழைய பதிப்புகளை நிறுத்துகிறேன்.

உங்கள் வீட்டு மோடத்திலும் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.