விரைவோட்டமும் எடைப்பயிற்சியும்

பின்னலாடை நகரமான திருப்பூரில் தையல் எந்திரத்தின்முன் நாள்முழுதும் அமர்ந்து உழைப்போர் பலர். கைகள் ஓயாது இயங்கினும், தொடை, முதுகு ஆகியவற்றின் பெருந்தசைகளுக்குப் போதிய வேலை இல்லை. உணவிலிருந்து பெற்றுச் செலவாகாத ஆற்றல் கொழுப்பாகத் தேங்குகிறது.

உணவை மட்டும் குறைத்தால் கொழுப்புடன் தசையும் கரையும். எடை தூக்கும் பயிற்சி தசையைக் காக்கிறது. சில நொடிகள் விரைந்தோடி, சற்றே நடந்து, மீண்டும் ஓடும் இடைவெளிப் பயிற்சி குறைந்த நேரத்தில் மிகுந்த ஆற்றலைச் செலவிடுகிறது. அளவான உணவுடன் இவ்விரண்டும் இணையும்போது கொழுப்பு குறையும், வலிமை நிலைக்கும்.

கடும் உடலியக்கமாயின் வாரத்திற்கு 75 நிமிடமேனும், தசைப்பயிற்சி இரு நாள்களேனும் தேவை என்பது 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த நெறி. ஓய்வுநேரம் குறைந்த தொழிலாளர்க்கும் இஃது எட்டக்கூடியதே. எனினும், புதியவர் மெல்லத் தொடங்குதல் வேண்டும். நோயுடையோர் மருத்துவரைக் கலந்தபின்னரே ஓடுதல் நன்று.