பாலத்துக்கு அடியில ஒரு ஹாஸ்டல்

குளிர்காலத்துல நம்ம ஊர் கரண்ட் கம்பியில வரிசையா உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவியைப் பார்த்திருப்பீங்க. அதுக்கு அமெரிக்காவுல ஒரு சொந்தம் உண்டு, பேரு கிளிஃப் ஸ்வாலோ. ஒரு காலத்துல செங்குத்தான பாறைகள்ல கூடு கட்டின பறவை. இப்போ ஹைவே பாலங்களுக்கு அடியில குடியேறிடுச்சு.

கூடு முழுக்க மண்தான். ஒரு தடவைக்கு அலகுல ஒரு உருண்டை, ஒரு கூட்டுக்குச் சுமார் ஆயிரம் உருண்டை. சுரைக்குடுவை மாதிரி வடிவம், சின்னதா ஒரு வாசல். சிவில் பசங்க கவனிங்க, சாரம் இல்லாம கட்டுற வேலை இது!

இப்படி நூத்துக்கணக்கான கூடுகள் சுவரோட சுவர் ஒட்டி இருக்கும். எதுக்கு இவ்வளவு நெரிசல்? நெப்ராஸ்கா மாநிலத்துல சார்லஸ் பிரவுன், மேரி பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1982-ல இருந்து இதைத்தான் தோண்டினாங்க. நெரிசலோட விலை என்னன்னு ஹாஸ்டல்வாசிகளுக்கு உடனே புரியும்: மூட்டைப்பூச்சி. அதோட நெருங்கின இனம் ஒண்ணு இந்தக் கூடுகள்ல குஞ்சுகளோட ரத்தத்தைக் குடிக்குது. காலனி பெரிசாக ஆக பூச்சியும் பெருகும். பெரிய காலனிகள்ல சில கூடுகளுக்கு மருந்தடிச்சுப் பார்த்தாங்க. அந்தக் கூட்டுக் குஞ்சுகள் நல்லா எடை போட்டுச்சு, அதிகமா பிழைச்சுச்சு.

அப்புறமும் ஏன் சேர்ந்து வாழணும்? காரணம் சாப்பாடு. இந்தக் குருவி பறந்துக்கிட்டே, பறக்குற பூச்சிகளைப் பிடிச்சுச் சாப்பிடுது. பூச்சிக்கூட்டம் ஒரே இடத்துல நிக்காது. வெறும் வாயோட திரும்பின குருவி, இரையோட வந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கவனிக்கும். அவர் மறுபடி கிளம்பினதும் பின்னாடியே போகும். எந்த மெஸ்ல இன்னிக்கு நல்ல சாப்பாடுன்னு ரூம்மேட் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற அதே டெக்னிக்.

மேகமூட்டமா, குளிரா இருக்குற நாள்ல இன்னும் ஒரு படி மேல. இரையைக் கண்ட குருவி தனிக் குரல் கொடுத்து மத்ததைக் கூப்பிடும். தர்மம்னு நினைச்சுடாதீங்க. பூச்சிக்கூட்டம் நகர்ந்துட்டா, எங்க போச்சுன்னு பார்க்க நிறைய கண்ணு வேணும். கூப்பிட்ட குருவிக்கும் லாபம்தான்.

ஆனா பூச்சியே பறக்கலேன்னா எத்தனை கண்ணு இருந்தும் பிரயோஜனம் இல்லை. 1996 மே மாசம் நெப்ராஸ்காவுல எதிர்பாராத குளிர், ஆறு நாள் நீடிச்சுது. ஆயிரக்கணக்கான குருவிகள் பட்டினியில செத்துப்போச்சு. பிழைச்சதுல பெரும்பாலும் உடம்பு கொஞ்சம் பெரிசா இருந்த பறவைகள்.