மேட்டு மழையும் பள்ளத்து வெள்ளமும்

2023 அக்டோபர் 14ஆம் தேதி இரவு திருவனந்தபுரத்தில் கொட்டிய மழையில் தெற்றியாறு கரைபுரண்டது. விடிந்தபோது டெக்னோபார்க் தகவல் தொழில்நுட்ப வளாகத்தைச் சுற்றிலும் தண்ணீர். கண்ணம்மூலை, தேக்குமூடு பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்திருந்தது. இதே நகரத்தில் பங்குனி, சித்திரையில் மேட்டுப் பகுதிக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டு துன்பத்துக்கும் வேர் ஒன்றுதான்: மேட்டில் விழும் மழையை மேட்டிலேயே நிறுத்திவைக்க நாம் இடம் விடவில்லை.

குன்றுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களுமாகக் கிடக்கும் ஊர் இது. மேலே வெட்டுக்கல் எனும் செம்புரைக்கல் மண். மரமும் புல்லும் மூடியிருந்தவரை அது மழையைக் குடித்து, மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு விட்டது. பள்ளத்து நெல்வயல்கள் மிச்ச நீரைத் தாங்கிக்கொண்டன. பிறகு குன்றை ஜேசிபி வைத்து வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் கொண்டே வயலை நிரவினார்கள். இரண்டிலும் வீடு எழும்பியது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் வருவதற்குள் போனது போனதுதான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 100 மி.மீ. மழை விழுந்தால் சுமார் 9,300 லிட்டர். அப்படி 50 வீடுகள் கொண்ட வளாகம் என்றால், கூரைகளிலிருந்து மட்டும் ஒரே நாளில் நாலரை லட்சம் லிட்டருக்கு மேல். இன்டர்லாக் கல் பதித்த பாதைகளில் ஓடுவது தனி.

கேரள நகராட்சிக் கட்டட விதிகளில் 2004இல் கொண்டுவந்த திருத்தம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல விதிதான். ஆனால் அனுமதிக்காகக் கட்டும் ஒரு தொட்டி முதல் பெருமழையிலேயே நிரம்பிவிடும். அதன்பின் விழுவதெல்லாம் வடிகால் வழியே கீழே உள்ளவர் வாசலுக்குப் போகிறது. தொட்டியோடு நிறுத்திக்கொள்வதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்ய வேண்டியதை இந்த ஊரிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நாலாஞ்சிறைக் குன்றில் தன் வீட்டையும், உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தையும் சரிவின் போக்கிலேயே அமைத்தார். மரம் குறுக்கிட்டால் சுவர் வளைந்து கொடுத்தது. சரிவை வெட்டாமல் விட்டால் நீரின் வேகம் குறையும், மண்ணுக்குக் குடிக்க நேரம் கிடைக்கும். இன்றைய வளாகங்களும் கட்டடங்களுக்கு நடுவே மண்தரையை விட்டு, தாழ்ந்த மூலையில் ஒரு குளம் வெட்டி, மழை ஓய்ந்த பிறகு அதை மெதுவாக வடியவிடலாம்.

கிணறு இருந்தால் இன்னும் நல்லது. திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய 'மழைப்பொலிமா' திட்டம் கூரை நீரைத் திறந்த கிணறுகளுக்கே திருப்பியது. முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதை மணல், ஜல்லி, கரி அடுக்கிய வடிகட்டி வழியே கிணற்றில் இறக்கினால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: செங்குத்தான சரிவிலும் தாங்குசுவரை ஒட்டியும் உறிஞ்சுகுழி தோண்டக் கூடாது. ஊறிய மண் சரியும்.

கீழே உள்ள தோடுகள் எனும் ஓடைகளோ ஏற்கெனவே திணறுகின்றன. தம்பானூர், கிழக்கே கோட்டை வெள்ளத்தைத் தடுக்க 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' ஆக்கிரமிப்புகளை அகற்றித் தூர் வாரியது. ஆயினும் 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மலைபோல் குவிந்த குப்பைக்குள் தேடி, மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்தத் தோட்டின் தலையில்தான் இன்னும் இன்னும் மழைநீரை ஏற்றுகிறோம்.

வீடு வாங்கப் போகிறவர்கள் தொட்டியின் கொள்ளளவை மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். தொட்டி நிரம்பி வழியும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று வடிகால் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசியில் ஒருமுறை அந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். கீழே குடியிருப்பவர்களிடமும் விசாரியுங்கள்.