பெரட்டுக் கணக்கும் கணினியின் கவ்வாத்தும்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் காலைப் பெரட்டில் தினமும் ஒரு கணக்குப் போடப்படுகிறது. இன்று எந்த மலையில் கொழுந்து எடுப்பது? எத்தனை பேரை அனுப்புவது? ஒரு மலையில் எடுத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறுபடி அங்கு போகவேண்டும். தாமதித்தால் கொழுந்து முற்றிவிடும். எல்லா மலைக்கும் ஒரே நாளில் போக ஆள் இல்லை. தொழிற்சாலை வாட்டக்கூடிய கொழுந்துக்கும் எல்லை உண்டு.

கணிதத்தில் இதை 'முழு எண் கலந்த உகப்பாக்கம்' என்பார்கள். கொழுந்தின் நிறை தசமத்தில் வரலாம். ஆனால் 12.6 பேரை மலைக்கு அனுப்ப முடியாது. 20 மலைகள் இருந்தால், 'இன்று எடுப்பதா, இல்லையா' என்ற தெரிவு மட்டுமே 1,048,576 விதமாக அமையும். 40 மலைகள் என்றால் அது ஒரு இலட்சம் கோடியைத் தாண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்து முடியாது.

இதற்கு 1960இல் ஐல்சா லாண்ட், அலிசன் டொய்க் என்ற இரு பெண்கள் ஒரு வழியை வெளியிட்டார்கள். முதலில் தசமத்தையும் அனுமதித்து விடை காணவேண்டும். 12.6 பேர் என்று வந்தால் கணக்கு இரண்டு கிளையாகப் பிரியும்: 12 அல்லது அதற்குக் குறைவு, 13 அல்லது அதற்கு மேல். ஒரு கிளையில் எப்படிப் பார்த்தாலும் 900 கிலோவுக்கு மேல் வராது என்று தெரிகிறது. 950 கிலோ தரும் முழு எண் விடையோ ஏற்கனவே கையில் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கிளைக்குள் போகாமலே அதை வெட்டிவிடலாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது போலத்தான்.

இந்த மென்பொருள்கள் வேகமானதற்குக் கணினிகள் வேகமானது மட்டும் காரணமல்ல. தேவையற்ற நிபந்தனைகளை முன்கூட்டியே நீக்குவது, தசம விடைகளை வெட்டும் புதிய நிபந்தனைகளைச் சேர்ப்பது, எந்தக் கிளையை முதலில் பிரிப்பது என்று தேர்வது ஆகியவை மெருகேறின. சிபிளெக்ஸ் என்ற மென்பொருளின் 1991 முதல் 2007 வரையான பதிப்புகளை ரொபர்ட் பிக்ஸ்பி ஒப்பிட்டபோது, கணினியின் வேகத்தைக் கணக்கில் சேர்க்காமலே அது சுமார் 29,000 மடங்கு வேகமாகியிருந்தது.

ஆனால் எவ்வளவு வேகமான மென்பொருளும் எழுதிக் கொடுத்த நிபந்தனையை மட்டுமே மதிக்கும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானபோது 18 கிலோ, 20 கிலோ என்ற நிறைதான் பல தோட்டங்களில் தகராறானது. குறைந்தால் அரைப் பேர். மலைகளோ ஒன்றுபோல் இல்லை. செங்குத்தான, வயதான தேயிலை உள்ள மலையில் அதே உழைப்புக்குக் குறைவாகவே சேரும். 'கொழுந்தைக் கூட்டு' என்று மட்டும் சொன்னால், ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்ப அத்தகைய மலைகளுக்கே அனுப்பும் திட்டத்தையும் மென்பொருள் சிறந்தது என்றே சொல்லும்.

'நல்ல மலை எல்லோருக்கும் முறைவைத்துக் கிடைக்கவேண்டும்' என்பதையும் ஒரு நிபந்தனையாக எழுதலாம். அதைச் சேர்த்து ஒரு தடவையும் சேர்க்காமல் ஒரு தடவையும் கணக்கிட்டால், நியாயத்துக்காகத் தோட்டம் எத்தனை கிலோவை விடவேண்டும் என்பது எண்ணாகவே தெரியும். 'கட்டுப்படியாகாது' என்ற வாதத்தை அப்போது பேச்சு மேசையில் எண்ணை வைத்தே சோதிக்கலாம்.

ஹைஸ், ஸ்கிப் போன்ற மென்பொருள்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தொழிற்சங்கமே இதைச் செய்யலாம். அதற்குத் தேவை, மலைவாரியாக மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் கணக்கு. அந்தப் பதிவு நிர்வாகத்திடம் இருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.