ஆட்டம் கலைந்த பிறகு: நாடக அரங்குகளின் ஆவணங்களும் நமது டிரங்குப் பெட்டிகளும்

கோயில் கட்டினால் கல் நிற்கும். நூல் எழுதினால் ஏடு நிற்கும். நாடகமோ விடிந்தால் கலைந்துவிடும். அப்புறம் என்ன மிஞ்சும்? நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கணக்கு நோட்டு, ஒன்றிரண்டு போட்டோ. இவற்றைத் தேடிச் சேர்த்துப் பாதுகாப்பதே நாடக ஆவணக் காப்பகத்தின் வேலை.

மேனாட்டார் பாட்டாலேயே கதை நடத்தும் நாடகத்தை ஆபரா என்பார்கள். பெரிய ஆபரா அரங்குகள் பலவும் தமக்கெனக் காப்பகம் வைத்துள்ளன. பாரிஸ் ஆபரா 1907-ல் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. அக்காலத்துப் பெரும் பாடகர்களின் இசைத்தட்டுகளை உலோகக் கலங்களில் வைத்து மூடி முத்திரையிட்டு, நூறு ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று நிலவறையில் வைத்தது. நூறாண்டு நிறைந்தபின் கலங்களைத் திறந்து, அந்தக் குரல்களை உலகம் கேட்டது.

வெனிஸ் நகரத்து லா ஃபெனிச்சே அரங்கின் கதை இன்னும் உருக்கமானது. 1792-ல் திறந்த அந்த அரங்கு 1836-ல் எரிந்தது; மறு ஆண்டே மீண்டும் எழுந்தது. 1996 ஜனவரியில் மறுபடி தீக்கிரையானது. ‘இருந்த இடத்திலேயே, இருந்தபடியே’ கட்டுவது என்று ஊரார் தீர்மானித்தார்கள். பழைய வரைபடங்களும் புகைப்படங்களும், அங்கே படமாக்கப்பட்ட 1954-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் காட்சிகளும் கைகொடுத்தன. 2003-ல் அரங்கு திறந்தது. கட்டடம் சாம்பலான பின்னும் காகிதம் அதை மீட்டுத் தந்தது.

நம் பக்கம் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களில் பல இன்று கிடைக்கவில்லை. ஆனால் கோட்டையூர் ரோஜா முத்தையா, பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும், கல்யாணப் பத்திரிகைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒரு பழைய நோட்டீஸிலிருந்தே ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், சேர், பெஞ்சு, தரை டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் தெரிந்துகொள்ளலாம். தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களின் சரித்திரம் வேறெங்கே எழுதியிருக்கிறது?

இனி தங்கவயல். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். மைசூர் மைன்ஸ், சாம்பியன், உரிகம் என்று லைன் வீடுகள் எழுந்த இடமெல்லாம் நமக்கு அரங்குதான். தோண்டி எடுத்த தங்கத்துக்குக் கம்பெனி கணக்கு எழுதியது. கூத்துக்கு யார் கணக்கு எழுதினார்கள்?

நம்மால் முடியாததும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பழைய இதழ்கள் தப்பிப் பிழைத்ததால்தான் 1999-ல் ஞான. அலாய்சியஸ் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளைக் கொண்டுவர முடிந்தது.

2001-ல் சுரங்கம் மூடியது. பிள்ளைகள் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். வீடு மாறும்போது, ‘பழைய குப்பைதானே, போட்டுடு’ என்று தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்கிறோம். போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். கூத்து நோட்டுப் புத்தகமோ நோட்டீஸோ இருந்தால் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணாதீர்கள். இரண்டுமே நாளடைவில் காகிதத்தைக் கெடுக்கும். போட்டோவின் பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் மெல்லக் குறியுங்கள். வேஷம் கட்டிய பெரியவர்கள் இருந்தால் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிரதி எடுத்துச் சங்கத்திடம் ஒன்று, நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள்.

பாரிஸ்காரர்கள் நூறாண்டு பூட்டி வைத்துத் திறந்தார்கள். நம் பெட்டிகள் அவ்வளவு காலம் தாங்காது. செல்லரிக்கும் முன்னே திறப்போம்.