கொய்யா ஜாம்ல ரோஜா வாசம்: கொஞ்சம் கெமிஸ்ட்ரி, கொஞ்சம் மாஸ் பேலன்ஸ்

ஹாஸ்டல் மெஸ்ல ப்ரெட்-ஜாம் போடுற நாளில், தட்டுல விழுற அந்தச் சிவப்பு ஜாம் எந்தப் பழத்துல செஞ்சதுன்னு யோசிச்சிருக்கீங்களா? இந்தத் தடவை என்ன பழம், என்ன பூ என்று தெரிஞ்சே ஒரு ஜாம் செய்வோம். பழம் கொய்யா, பூ பன்னீர் ரோஜா. செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போகும்போது ஒரு சாயங்காலம் போதும். அடி கனமான ஸ்டீல் பாத்திரம், இட்லிக் குண்டான், கிச்சன் தராசு இருந்தா வேலை முடிஞ்சுடும்.

ஒன்றே ஒன்று: பூவைப் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. ஜாம் இளகிப் போனா சப்பாத்திக்குத் தொட்டுக்கலாம். தப்பான பூவைப் போட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

ஜாம் ஏன் உறையுது?

பழத்தோட செல் சுவரில் பெக்டின் என்கிற நீளமான சங்கிலி மூலக்கூறு இருக்கு. தண்ணியில் இந்தச் சங்கிலிகள் எதிர்மின் சுமையோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கிட்டே இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் அமிலம் அந்தச் சுமையைக் குறைக்கும். சர்க்கரை, சங்கிலிகளைச் சுற்றியிருக்கும் தண்ணியைத் தன் பக்கம் இழுத்துக்கும். ரெண்டும் நடந்தா சங்கிலிகள் ஒட்டிக்கிட்டு ஒரு வலை பின்னும். மிச்சத் தண்ணி அந்த வலைக்குள்ள மாட்டிக்கும். அதுதான் ஜாம்.

பெக்டின், அமிலம், சர்க்கரை மூன்றும் சரியான அளவில் வேணும். பி.எச். சுமார் 3 முதல் 3.4 வரை, மொத்தக் கரைபொருள் 65 சதவீதத்துக்குப் பக்கத்தில். இந்த 65 வெறும் சமையல் கணக்கு இல்லை. ஜாம் என்று லேபிள் ஒட்டி விற்கக் கரைபொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்கணும் என்பது நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அந்த அளவில் தண்ணி இருந்தாலும் சர்க்கரை அதைப் பிடிச்சு வெச்சிருக்கிறதால பாக்டீரியாவால பயன்படுத்த முடியாது.

கொய்யாவுல பெக்டின் ஏராளம், அமிலம்தான் கம்மி. அதனால எலுமிச்சை கட்டாயம். பழநி பக்கம் ஆயக்குடி மாதிரி கொய்யாவுக்குப் பேர் போன ஊர் அருகில் இருந்தா யோகம்தான். உள்ளே சிவப்பா இருக்கிற ரகம் கிடைச்சா நிறத்துக்கும் கவலை இல்லை.

எந்தப் பூ வேண்டாம்?

அரளி கூடவே கூடாது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் எதுவானாலும். அதிலுள்ள நஞ்சு நேரா இதயத் துடிப்பைத் தாக்கும். வேக வெச்சாலும் போகாது. கேரளாவில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேதியத்திலும் பிரசாதத்திலும் அரளியைப் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவு எடுத்தது இதனால்தான். சாமிக்கு வைக்கிற பூ எல்லாம் சாப்பிடுற பூ ஆகிடாது.

நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் எடுக்கிறாங்க. மருந்துன்னு சொன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லை, அது செல்லைக் கொல்லுற மருந்து. ஊமத்தையும் வேண்டாம். நம்ம மாநில மலரான செங்காந்தள் பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு விஷம்.

இனி, சாப்பிடக்கூடிய பூவே என்றாலும் எங்கேயிருந்து வருது என்பது முக்கியம். பூக்கடை ரோஜா தலையில் வைக்கவும் மாலை கட்டவும் வளர்த்தது. அறுவடைக்கு இத்தனை நாள் முன்னாடி மருந்தடிப்பதை நிறுத்தணும் என்று காய்கறிக்குச் சொல்ற கணக்கை அதில் எதிர்பார்க்க முடியாது. செடிக்குள்ளேயே ஊடுருவுகிற மருந்தும் உண்டு. அது கழுவினாலும் போகாது. அதனால மருந்தடிக்காத வீட்டுத் தொட்டிப் பூ, இல்லைன்னா சாப்பிடுவதற்கென்றே உணவு உரிம எண்ணோடு விற்கும் உலர்ந்த ரோஜா இதழ். இந்த ரெண்டும் கிடைக்கலையா? பூ இல்லாமலே ஜாம் செய்யுங்க, நல்லாத்தான் இருக்கும்.

பூவை எப்போ போடணும்?

நிறைய பேர் பழத்தோடவே இதழையும் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுவாங்க. கடைசியில் வாசமே இருக்காது. ஏன்?

ரோஜா வாசத்துக்குக் காரணமான ஜெரானியால், சிட்ரோனெல்லால், ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் எல்லாமே தனியா கொதிக்க 200 டிகிரி செல்சியஸைத் தாண்டணும். ஆனா நீராவி போகும்போது அதோட சேர்ந்து சுலபமா கிளம்பிடும். பன்னீர் காய்ச்சுறது இந்தத் தத்துவத்தில்தான். திறந்த பாத்திரத்தில் இதழைக் கொதிக்க விட்டா நீங்களும் பன்னீர்தான் காய்ச்சுறீங்க. என்ன, பிடிச்சு வைக்காம ஜன்னல் வழியா அனுப்பிடுறீங்க!

அதனால பூ கடைசியில். அதற்கு முன்னாடி ஒரு ராத்திரி சர்க்கரையில் ஊறட்டும். குல்கந்து செய்கிறவங்க பல நாள் ஊற வைப்பாங்க, நமக்கு ஒரு ராத்திரி போதும்.

செய்முறையும் கணக்கும்

தேவை: கொய்யா முக்கால் கிலோ, சர்க்கரை 400 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, ரோஜா இதழ் 15 கிராம். உலர்ந்த இதழ்னா 3 அல்லது 4 கிராம்.

1. முதல் நாள் ராத்திரி இதழைக் கழுவி, துணியில் ஈரம் போக ஒற்றி, அடியிலுள்ள வெள்ளைப் பகுதியைக் கிள்ளி எறிங்க. அது கசக்கும். இதழை 100 கிராம் சர்க்கரையோட கசக்கி மூடி வைங்க.

2. கொய்யாவைத் துண்டு போட்டு இட்லிக் குண்டானில் ஆவியில் வேக விடுங்க. தண்ணி ஊற்றி வேக வெச்சா பிறகு அந்தத் தண்ணி முழுக்க வற்றணும். வெந்ததை வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்கி, 500 கிராம் கூழ் எடுத்துக்குங்க.

3. காலிப் பாத்திரத்தின் எடையைக் குறிச்சுக்குங்க. கூழும் மீதி 300 கிராம் சர்க்கரையும் போட்டு, கிளறிக்கிட்டே கொதிக்க விடுங்க. பாதி வற்றியதும் எலுமிச்சைச் சாறு. அமிலத்தோட ரொம்ப நேரம் கொதிச்சா பெக்டின் சங்கிலி உடையும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

எப்போ நிறுத்துறது? இங்கேதான் ஃபர்ஸ்ட் இயர் மாஸ் பேலன்ஸ் வருது. கொய்யாக் கூழில் கரைபொருள் சுமார் 10 சதவீதம், அதாவது 50 கிராம். சர்க்கரை 400 கிராம். மொத்தம் 450 கிராம். இது 66 சதவீதமா இருக்கணும்னா ஜாமின் எடை 450 வகுத்தல் 0.66, சுமார் 680 கிராம். அதில் ரோஜா சர்க்கரை 115 கிராம் கடைசியில் வரப்போகுது. ஆக, பாத்திரத்தில் இருப்பது 565 கிராம் ஆகும்போது சரி. தராசு மேல ஒரு மரப்பலகை வெச்சு, அதன் எடையைப் பூஜ்யமாக்கிட்டு, சூடான பாத்திரத்தை அதில் வைங்க.

4. இப்போ ரோஜா சர்க்கரையைச் சேர்த்து, கரைஞ்சு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைச்சுடுங்க. தெர்மாமீட்டர் இருந்தா 104 டிகிரி செல்சியஸைச் சுற்றிக் காட்டும். ஊட்டிக்காரங்க 104க்காகக் காத்திருந்தா ஜாம் மிட்டாய் ஆகிடும். அங்கே தண்ணியே சுமார் 92 டிகிரியில் கொதிக்கும். உங்க ஊரில் தண்ணி கொதிக்கிற வெப்பநிலையோட 4 டிகிரி கூட்டிக்குங்க.

ரெண்டும் இல்லாதவங்களுக்குப் பழைய வழி: ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழிச்சு விரலால் தள்ளுங்க. மேல்பரப்பு சுருங்கினா பதம் வந்தாச்சு.

5. தண்ணியில் 10 நிமிஷம் கொதிக்க வெச்ச கண்ணாடி பாட்டிலில் சூடாவே நிரப்பி மூடுங்க. திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைங்க, ஈரக் கரண்டி போடாதீங்க. பூஞ்சை தெரிஞ்சா மேலாக வழிச்சு எறிஞ்சா போதாது, முழு பாட்டிலும் குப்பைக்கு.

அடுத்த ரவுண்டு

ரோஜா கை வந்ததும் ஒற்றை அடுக்குச் செம்பருத்தியை முயற்சி செய்யலாம். வாசம் இல்லை, நிறம்தான். அமிலத்தில் அது நல்ல சிவப்பாகும். சங்குப்பூ இதழின் நீலம் எலுமிச்சை பட்டதும் ஊதாவாகும். லேபில் பார்த்த இண்டிகேட்டர் மாதிரிதான். இதழை மட்டும் எடுங்க, காம்பும் மகரந்தமும் வேண்டாம். மகரந்த ஒவ்வாமை இருக்கிறவங்களுக்குக் கொடுக்காதீங்க.

ஹாஸ்டலுக்குக் கொண்டு வரும்போது பாட்டிலில் பழம், பூ, செஞ்ச தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்க. அறை நண்பர்கள் இருக்கும் இடத்தில் தேதி பெருசாத் தேவைப்படாது, ரெண்டு நாளில் காலி ஆகிடும். ஆனா பூவோட பேர் கண்டிப்பா இருக்கணும்.