அனிச்சைச் செயல் – நம்மைக் காக்கும் காவலன்

அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைக் கரித்துணி இல்லாமல் தொட்டுவிட்டால் என்ன செய்கிறோம்? "சுடுகிறதே, கையை எடுக்கலாமா?" என்று யோசிப்பதில்லை. கை தானே விலகிக்கொள்கிறது. "அம்மா!" என்ற அலறல் அதற்குப் பிறகுதான் வருகிறது. இவ்வாறு நம் எண்ணத்திற்குக் காத்திராமல் நிகழும் செயலே அனிச்சைச் செயல். கண்ணருகே தூசி வந்தால் இமை மூடுவதும், மிளகாய் வற்றல் நெடியில் தும்முவதும் இவ்வகையே.

இது எவ்வாறு நடைபெறுகிறது? நம் தோலில் சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சூடு பட்டதும் அங்கே எழும் செய்தி, உணர்ச்சி நரம்பின் வழியே முதுகெலும்பினுள் இருக்கும் தண்டுவடத்தை அடைகிறது. அங்குள்ள இடைநரம்புச் செல்கள் அதை வாங்கி, இயக்க நரம்பிடம் ஒப்படைக்கின்றன. இயக்க நரம்பு கட்டளையிட, தசை சுருங்குகிறது, கை விலகுகிறது. இந்தப் பாதைக்கு அனிச்சை வில் என்று பெயர். எல்லாம் அரை வினாடிக்குள் முடிந்துவிடும்!

செய்தி மூளைக்கும் போகத்தான் செய்கிறது. ஆனால் மூளை அதை வலி என்று அறிவதற்குள் கை தப்பிவிடுகிறது. கூரையில் தீப்பற்றினால் தலைநகருக்கு மனு எழுதிக் காத்திராமல், பக்கத்து வீட்டார் குடத்துடன் ஓடி வருவது போன்றது இது. வலக்காலில் முள் தைத்தால் அக்கால் மடங்குகிறது. அதே நொடியில் நாம் விழாதபடி இடக்கால் விறைத்து உடலைத் தாங்குகிறது. என்னே இதன் நேர்த்தி!

சரி, உணர்ச்சி நரம்பு செயலிழந்துவிட்டால்? இதற்கு ஒரு புனிதரின் வாழ்வே சான்று. பெல்ஜியம் நாட்டில் பிறந்த அருட்தந்தை தமியான், 1873இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலக்காய்க்குச் சென்று, அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளருக்குத் தொண்டு செய்தார். 1884 டிசம்பரில் ஒருநாள் அவர் கொதிநீரில் காலை வைத்தார். தோல் கொப்புளித்தது. காலோ விலகவில்லை, வலியும் தெரியவில்லை. தம்மையும் அந்நோய் பற்றியதை அவர் அறிந்துகொண்டார். ஆயினும் 1889இல் இறக்கும்வரை அம்மக்களை விட்டு அவர் அகலவில்லை. 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. உணர்ச்சி நரம்பு கெட்டால் தண்டுவடத்திற்குச் செய்தி போவதில்லை. எனவே கட்டளையும் பிறப்பதில்லை. நோயாளரின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை என்றும், வலி தெரியாமல் ஏற்படும் சூடும் வெட்டும் புண்ணுமே அவற்றை அழிக்கின்றன என்றும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு எடுத்துக்காட்டினார்.

இன்று இந்நோயைக் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணப்படுத்தலாம். ஆனால் மரத்துப்போன நரம்பு மீள்வது அரிது. ஆகவே, தோழியரே, உடலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை யாருக்கேனும் தென்பட்டால், மறைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நோயுற்றவரை ஒதுக்காதீர்கள்.

அடுத்த முறை விரலைச் சுட்டுக்கொண்டு கண் கலங்கும்போது, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வலியும் இறைவன் தந்த ஒரு காவலே!